மாடல் ரயில் இன்ஜின் இரைகிறதா? போர்டில் கை வைக்கும் முன்

கானாடுகாத்தான் அண்ணன் கேட்டதன் சுருக்கம் இது. சிங்கப்பூரிலிருந்து மகன் வாங்கி வந்த எச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ஆல்கோ டீசல் இன்ஜின்; ஆல்கோ என்பது அமெரிக்க இன்ஜின் கம்பெனி. சத்தம் போடும் டீகோடர், அதாவது கன்ட்ரோலரின் கட்டளையைப் படித்து மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் மின்னணு போர்டு, உள்ளேயே பொருத்தி வந்தது. டிசிசி கன்ட்ரோலரில், அதாவது தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் வகையில், ஓட்டுகிறார். புதிதில் அருமையாக இருந்ததாம். இப்போது ஹாரன் அடித்தால் ‘ஜிர்ர்’ என்று அதிர்கிறது. ஓடும்போது அடியில் ஏதோ அரைக்கிறது, அதுவும் முன்னால் போகும்போது கூடுதலாக. சில இடங்களில் சத்தம் சட்டென்று அறுந்து, இன்ஜின் மறுபடி முதலிலிருந்து ஸ்டார்ட் ஆகிறது. கடையில் கேட்டால் ‘போர்டு போச்சு, மாத்திடுங்க’ என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம் அண்ணே, இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னது ஒரு கோளாறு அல்ல, மூன்று. மூன்றுக்கும் மூன்று இடம். அந்த மூன்று இடத்திலும் போர்டு இல்லை. சவுண்ட் இன்ஜினில் எது கெட்டாலும் ‘போர்டு’ என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் சுலபம், ஏனென்றால் உள்ளே புரியாத பொருள் அது ஒன்றுதான். என் அனுபவத்தில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியதும் அதுதான்.

ஸ்குரூடிரைவரை எடுக்க வேண்டாம். முதலில் கன்ட்ரோலரில் எஃப்8 பட்டனை அழுத்துங்கள். லோக்சவுண்ட், சுனாமி போன்ற டீகோடர்களில் வழக்கமாகச் சத்தத்தை அணைப்பதும் போடுவதும் அந்தப் பட்டன்தான். உங்களுடையதில் வேறு எண் என்றால் பெட்டியோடு வந்த தாளில் இருக்கும். சத்தத்தை அணைத்துவிட்டு இன்ஜினை மெல்ல ஓட்டுங்கள். இப்போது காதில் விழுவதெல்லாம் மோட்டார், பல்சக்கரம், தண்டவாளம். அடுத்து இன்ஜினை நிறுத்திவிட்டு, சத்தத்தைப் போட்டு, ஹாரனையும் மணியையும் தனித்தனியாக அடித்துக் கேளுங்கள். இப்போது வருவதெல்லாம் ஸ்பீக்கரும் மேல்கூடும். இந்த இரண்டையும் பிரிக்காமல் கேட்டால் யாராலும் கோளாறைச் சொல்ல முடியாது. பத்து டீசல் ஷெட் பார்த்தவராலும் முடியாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, ஃபேனை அணைத்துவிட்டுச் செய்வது உத்தமம்.

எஃப்8 அணைத்து, இன்ஜின் நின்றுகொண்டிருக்கும்போதே சன்னமாக ஒரு ரீங்காரம் வந்தால் அது இன்ஜினிலிருந்துதானா என்று முதலில் பாருங்கள். பல நேரம் அது அடாப்டரோ கன்ட்ரோலரோ போடும் சத்தம். கரண்ட் போய் பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள அடாப்டர் உறுமத்தான் செய்யும். இன்ஜினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிட்டுக் கேளுங்கள், தெரிந்துவிடும். இன்னொன்று: உங்களிடம் டீகோடர் இல்லாத பழைய இன்ஜின் ஏதாவது இருந்து அதை டிசிசி தண்டவாளத்தில் வைத்தால், நின்ற இடத்திலேயே பாடும். அதைக் கேட்டுக்கொண்டே விட்டுவிடாதீர்கள். அந்த மின்சாரம் திசை மாறி மாறி மோட்டாரைச் சூடாக்குகிறது, சுருள் எரிந்துவிடும். உடனே எடுத்துவிட வேண்டும். நேர்மாறான கூத்தும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பெல்ஜியம் கண்ணாடிக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவில் எப்போதாவது ஒரு பழைய பொம்மை ரயில் கன்ட்ரோலர் கிடந்தால், ஆசையாக வாங்கி சவுண்ட் இன்ஜினோடு சேர்த்துவிடத் தோன்றும். துடிப்புத் துடிப்பாகக் கரண்ட் கொடுக்கும் பழைய டிசி கன்ட்ரோலர்கள் டீகோடரைக் குழப்பும். சத்தம் விக்கும், மோட்டார் முனகும், சிலது டீகோடரையே கெடுத்துவிடும். அவை அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

இனி அரைக்கும் சத்தம். முன்னால் போகும்போது கூடுதல், பின்னால் வரும்போது குறைவு என்று எழுதியிருந்தீர்கள். அது நல்ல தகவல். மோட்டார் தண்டிலிருந்து போகிக்கு (இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) சுற்றைக் கொண்டுபோவது வார்ம் என்கிற மறை போன்ற பல்சக்கரம். திசை மாறும்போது அது தன் தண்டில் ஒரு பக்கம் தள்ளப்பட்டு உட்காரும். அந்தப் பக்கத்து வாஷர் தேய்ந்திருந்தாலோ, கிரீஸ் வற்றியிருந்தாலோ ஒரு திசையில் மட்டும் அரைக்கும். ஆக, நான் முதலில் திறப்பது போகியின் மேலுள்ள வார்ம் மூடியைத்தான்.

அதற்கு முன்னால் தாளத்தைக் கவனியுங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒரே ஒரு ‘டிக்’ என்றால் கோளாறு ஆக்சிலில் இருக்கிறது: பல்சக்கரம் கீறியிருக்கலாம், பல் இடுக்கில் மணல் துகள் சிக்கியிருக்கலாம். ஆக்சிலோடு இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம் காலப்போக்கில் மயிரிழை போல வெடிப்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. வெடித்த இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடிவிடுவதால் அங்கே வரும்போதெல்லாம் குதிக்கும். ஒட்டினால் நிற்காது, மாற்றத்தான் வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பத்துப் பதினைந்து தடவை சலசலத்தால் அது மோட்டார் பக்கத்துக் கோளாறு, ஏனென்றால் மோட்டார்தான் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது. மோட்டார் தண்டிலுள்ள கனமான உருளையான ஃப்ளைவீல் ஏதாவது வயரை உரசுகிறதா, மோட்டாருக்கும் போகிக்கும் நடுவிலுள்ள இணைப்புத் தண்டு கழன்று ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘கீச்’ என்று எலி கத்துவது போல, அதுவும் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு வந்தால் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்திருக்கிறது.

நீங்கள் ரயிலை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலேயே விரித்து ஓட்டுவதாகச் சொன்னீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், இன்ஜினுக்கு அல்ல. தரையில் கிடக்கும் தலைமுடி நேராக ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும். ஒரு முடி போதும், அது பல்சக்கரத்துக்குள் இறங்கிக் கிரீஸோடு சேர்ந்து கயிறாகிவிடும். நம் பக்கத்துச் செம்மண் தூசி முற்றத்து வழியாக வீடெல்லாம் வரும், எண்ணெய் பட்ட இடத்தில் உப்புத்தாள் ஆகிவிடும். இன்ஜினைக் குப்புறப் போட்டு, போகியின் அடித்தட்டைக் கழற்றி, முடியைப் பிளேடால் அறுக்காமல் ஊசியால் இழுத்து எடுங்கள். கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருந்தால் அதன் மேலேயே புது எண்ணெய் விடாதீர்கள், பழையதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட பழைய பிரஷ்ஷால் வழித்து எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பல்சக்கரத்துக்குப் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் கிரீஸ், அரிசி அளவு. மோட்டார் புஷ்ஷுக்குப் பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் மெல்லிய எண்ணெய், ஊசிமுனைச் சொட்டு. கார்பன் பிரஷ் பக்கம் எண்ணெய் போகவே கூடாது. கார்பன் தூளோடு குழைந்து கரிச்சாந்தாகி ஷார்ட் அடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். டபிள்யூடி-40யும் இதற்கான பொருள் அல்ல.

அடித்தட்டை மாட்டியபின் இன்னும் உறுமல் இருந்தால் தண்டவாளத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிளைவுட் பலகையில் திருகாணி போட்டு நேரடியாக முடுக்கினால் பலகை முழுக்க அதிரும். தண்டவாளத்துக்கும் பலகைக்கும் நடுவில் கார்க் ஷீட்டோ யோகா பாயில் வெட்டிய துண்டோ வைத்து, திருகாணிக்குப் பதில் பசையால் ஒட்டினால் பாதி உறுமல் அடங்கிவிடும்.

வேகம் குறைந்த படிகளில் ‘கடகட’ என்று துள்ளினால் அது பல்சக்கரக் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். டீகோடர் மோட்டாரின் வேகத்தை அளந்து அளந்து திருத்துகிறது, அந்தத் திருத்தம் அந்த மோட்டாருக்குப் பொருந்தாவிட்டால் இப்படித் துள்ளும். லோக்சவுண்ட் 4, 5 வகைகளில் இதற்கு ஒரு வசதி உண்டு. டீகோடருக்குள் ஒவ்வொரு அமைப்பையும் வைத்திருக்கும் எண்ணிட்ட இடத்துக்கு சிவி என்று பெயர். சிவி 54-இல் 0 எழுதிவிட்டு எஃப்1 அழுத்தினால், இன்ஜின் தானே ஒரு முறை முழு வேகத்தில் பாய்ந்து தன்னை அளந்துகொள்ளும். நீளமான நேர்த்தண்டவாளம் வேண்டும். மேசை விளிம்பில் வைத்துச் செய்துவிடாதீர்கள்.

இப்போது ஹாரன் ‘ஜிர்ர்’. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் இன்ஜினுக்குள் இருப்பது அநேகமாக 11 மி.மீ.க்கு 15 மி.மீ. அளவுள்ள ஸ்பீக்கர். சர்க்கரைக் கட்டி ஸ்பீக்கர் என்றே அதற்குப் பெயர். அது சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை உருப்படியாகத் தராது. உண்மையான ஆல்கோவின் உறுமல் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் பொன்மலை ஷெட் வண்டிகளில் இருந்த 16 சிலிண்டர் ஆல்கோ 251 இன்ஜின், நின்றுகொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) இன்ஜின் என்பதால் ஒரு சுற்றுக்கு 8 சிலிண்டர் வெடிக்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு 53 தடவை. முழு வேகத்தில் 1000 சுற்றுக்குப் போனாலும் 133 தடவைதான். காரைக்குடியில் மீட்டர் கேஜ் ஓடிய காலத்து ஒய்டிஎம்-4 இன்ஜினுக்கு 6 சிலிண்டர், அது இன்னும் கீழே. பிளாட்பாரத்தில் நின்றால் நெஞ்சில் விழுந்த அந்த ‘தம் தம்’ இந்தக் குட்டி ஸ்பீக்கரிலிருந்து ஒருநாளும் வராது. பதிவில் உள்ள மேல் ஸ்தாயிச் சத்தங்களைக் கேட்டு நம் காதுதான் அடியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த ‘தம் தம்’ வேண்டும் என்று வால்யூமைக் கூட்டக் கூட்ட, ஸ்பீக்கரின் அதிரும் சவ்வான கோன் தன் எல்லைக்கு மேல் உதறி, ஹாரன் வரும்போது உடைகிறது. கூடியதெல்லாம் இரைச்சல்தான்.

ஆகவே முதல் வைத்தியம் வால்யூமைக் குறைப்பது. லோக்சவுண்டில் மொத்த வால்யூம் சிவி 63, லோக்சவுண்ட் 5-இல் அதன் உச்சம் 192. சுனாமி2 ஆனால் சிவி 128. இப்போதுள்ள எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு பாதியாக்கிக் கேளுங்கள். ஹாரனுக்கு மட்டும் தனி வால்யூமும் உண்டு, அது எந்த சிவி என்பது அந்தந்தத் தாளில் இருக்கும். பாதியிலேயே அதிர்வு போய்விட்டால் வேறெதையும் தொட வேண்டாம். தொழிற்சாலையில் இருந்து வரும்போதே நிறைய இன்ஜின்களில் வால்யூம் கடைக்காரர் காதுக்கு ஏற்றபடி உரக்கத்தான் வைக்கப்பட்டிருக்கும்.

போகவில்லை என்றால் மேல்கூட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஹாரன் அடியுங்கள். இப்போது சுத்தமாக இருந்தால் குற்றவாளி கூடு. ஜன்னல் பிளாஸ்டிக், மேலே உள்ள ஃபேன் வலை, கைப்பிடிக் கம்பி, டிரைவர் பொம்மை எது வேண்டுமானாலும் ஆடலாம். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே ஹாரன் அடித்தால், தொட்டவுடன் எது அடங்குகிறதோ அதுதான். அதன் பின்புறம் ஒரு துளி ஃபெவிகால் வைத்தால் போதும்.

கூடு இல்லாமலும் அதிர்ந்தால் ஸ்பீக்கர் பெட்டி. வீணைக்குக் குடம் எப்படியோ, ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி அப்படி. கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் ஒன்றையொன்று சந்தித்தால் இரண்டும் அழிந்துவிடும், சத்தம் தகரமாகிவிடும். அதைத் தடுப்பதுதான் பெட்டியின் வேலை. ஒரு மூலையில் ஒட்டு விட்டுப்போனாலே போதும், அடி போய்விடும், அந்த இடுக்கில் காற்று விசிலடிக்கும், விளிம்பு அடித்துக்கொள்ளும். ஹாரன் அடித்துக்கொண்டே பெட்டியின் நாலு மூலையையும் லேசாக அழுத்துங்கள். சத்தம் மாறினால் அந்த மூலையை அடைக்க வேண்டும். ஃபெவிகால் வைத்து ராத்திரி முழுக்கக் காயவிடலாம், சிலிக்கோனும் சரி. ஃபெவிக்விக் மட்டும் கூடாது. அது தண்ணீர் மாதிரி ஓடி, கோனும் சுருளும் இருக்கும் இடுக்கில் புகுந்து ஒட்டிக்கொண்டால் ஸ்பீக்கர் ஒழிந்தது.

கோனைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஸ்பீக்கரின் காந்தம் இரும்புத் துகளை இழுக்கும். தரையில் ஓடிய இன்ஜின் என்பதால் ஊசி முனை, ஆணித் துகள், எது வேண்டுமானாலும் ஒட்டியிருக்கலாம். கோன் மேல் நடனமாடும் ஒரு துகளே ‘ஜிர்ர்’ என்று கேட்கும். பிசையும் ஒட்டுக்களிமண்ணை நுனியாக உருட்டி ஒற்றி எடுத்தால் வந்துவிடும், ஊதினால் உள்ளே போகும்.

ஸ்பீக்கரே கெட்டதா என்பதற்கு மல்டிமீட்டர் போதும். ஒரு வயரையாவது டீகோடரிலிருந்து கழற்றிவிட்டு அளந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் ஏழை ஒட்டிக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. மீட்டர் இல்லையென்றால், கழற்றிய ஸ்பீக்கரில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுத்தால் ‘டிக்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கரகரத்தால் கோன் உரசுகிறது. புது ஸ்பீக்கர் போடும்போது டீகோடர் தாளில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். பழைய லோக்சவுண்ட் 3.5 மாதிரியானவை 100 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்தவை, அதில் இன்றைய 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் சூடாகிப் போகும். ஸ்பீக்கர் வயர் எங்கேயாவது தோலுரிந்து உலோகச் சட்டத்தில் பட்டாலும் அதே கதிதான். கடையில் சொன்ன ‘போர்டு போச்சு’ நிஜமாவது இப்படித்தான்.

மூன்றாவது, சத்தம் அறுந்து மறுபடி ஸ்டார்ட் ஆவது. இது சத்தக் கோளாறே அல்ல, கரண்ட் கோளாறு. அறையை இருட்டாக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சத்தம் அறும் அதே நொடியில் முன்விளக்கும் சிமிட்டும். சக்கரமோ தண்டவாளமோ அழுக்கு. மோட்டாருக்கு ஃப்ளைவீல் வேகம் இருப்பதால் அது சமாளித்துப் போய்விடும், டீகோடரின் மூளைக்கு அந்த வேகம் கிடையாது, அணைந்து எழுந்திருக்கும். இரண்டாங்கட்டில் பலகாரம் சுடும் நாளில் எண்ணெய்ப் புகை தண்டவாளத்தில் ஒரு படலமாகப் படிந்தாலே போதும். ஆல்கஹாலில் நனைத்த பழைய வேட்டித் துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். அதே துணியை தண்டவாளத்தின் குறுக்கே விரித்து, ஒரு போகி துணியிலும் மறு போகி தண்டவாளத்திலும் இருக்கும்படி இன்ஜினைப் பிடித்து ஓடவிட்டால் சக்கரமும் சுத்தமாகும். உப்புத்தாள் தேய்க்க வேண்டாம், கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால் அந்த இடத்து இணைப்புத் தகடு தளர்ந்திருக்கும், அங்கே தனியாக ஒரு வயர் இறக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் கிராசிங்கில் தடுக்கினால் கரண்ட் அறும் நொடியில் டீகோடரைத் தாங்கிப் பிடிக்கும் கீப் அலைவ் கெப்பாசிட்டர் சேர்க்கலாம். அழுக்கை மறைப்பதற்காக அதைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டாலையில், அதாவது வீட்டின் பெரிய கூடத்தில், ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். முட்டை வெள்ளைக் கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கண்ணாடி போன்ற தரை, உயரமான கூரை. அந்த அறையில் எந்தச் சத்தமும் அடங்காது, மெல்லிய ஒலியெல்லாம் சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்பி வந்து கரகரப்பாகவே கேட்கும். எஃப்8 சோதனையைப் பெட்டகசாலை அறை ஒன்றில், துணிமணி மெத்தை உள்ள இடத்தில் செய்து பாருங்கள். அங்கே பாதிக் குறை காணாமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள். பட்டாலையிலேயே ஓட்ட வேண்டுமானால் தரையை விட்டு ஒரு மேசையில் வைத்து, அதனடியில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, வால்யூமை இன்னும் இறக்கிக்கொள்ளுங்கள்.

டீகோடரை எப்போது சந்தேகப்படலாம் என்றால், நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மாற்றிப் போட்ட பிறகும் இடைவிடாமல் உஸ்ஸென்று இரைந்தால், அல்லது மோட்டார் ஓடி விளக்கெரிந்து சத்தம் மட்டும் அறவே இல்லையென்றால், அல்லது கருகிய வாடை வந்தால். அப்போதும் முதலில் சிவி 8-இல் 8 எழுதி ரீசெட் செய்து பாருங்கள். லோக்சவுண்டும் சுனாமி2-வும் இதில் பழைய நிலைக்குத் திரும்பும். இன்ஜின் முகவரி, அதாவது கன்ட்ரோலர் அதைக் கூப்பிடும் எண், 3 ஆகிவிடும் என்பதை மறந்துவிட்டு ‘இன்ஜின் செத்துப்போச்சு’ என்று பதற வேண்டாம்.

கூட்டை மறுபடி மாட்டும்போது ஸ்பீக்கர் வயர்களை கோனுக்கு மேலே போகவிடாமல் ஓரமாக மடித்து சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் ஒட்டுங்கள். கூடு கடைசி மில்லிமீட்டரில் இறங்க மறுத்தால் அழுத்தாதீர்கள், ஏதோ ஒரு வயர் நடுவில் மாட்டியிருக்கிறது.